வாணலித் தெருவுல நிக்காத தேர்

ஒரு ஊர்ல ஒரு சொரசொரப்பி இருந்தா. பாவம், அவளை ஊரைவிட்டே துரத்திட்டாங்க. அதுவும் அவ பக்கத்து நியாயம் என்னன்னு ஒரு வார்த்தை கேக்காம. இது அடுக்குமா, நீயே சொல்லு. ம்... அதானே.

சொரசொரப்பி யாருன்னா, ஒண்ணு இன்னொண்ணைத் தொடுற எடத்துல எல்லாம் நடுவுல உக்காந்திருக்கிறவ. காலுக்கும் தரைக்கும் நடுவுல அவ. கைக்கும் சொம்புக்கும் நடுவுல அவ. அவளுக்கு ஒரு அக்கா, பேரு இழுப்பாத்தா. மண்ணுக்கு அடியில குடித்தனம். எதைப் பாத்தாலும் தன் மடிக்கு இழுப்பா. மாங்காயா, வா. மழையா, வா. மாடியிலிருந்து எட்டிப் பாக்குற பூனையா, நீயும் வா. அக்கா இழுக்க, தங்கச்சி பிடிச்சு நிறுத்த, இப்படிச் சண்டை போட்டே ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாங்க.

அந்த ஊர்ல தேரோடுற தெரு இருக்கே, அது வாணலி மாதிரி. இந்தப் பக்கம் மேடு, நடுவுல பள்ளம், அந்தப் பக்கம் மேடு. இந்த மேட்டுல, எல்லைக்கல்லு பக்கத்துல தேர் நிக்கும். திருவிழாவுக்குச் சக்கரத்துல முட்டுக்கட்டை கொடுத்துக் கொடுத்துப் பைய இறக்கணும், அப்புறம் ஊரே வடம் பிடிச்சு எதிர்மேட்டுல ஏத்தணும். கிர்ர்ர்... கிர்ர்ர்... பொழுதே சாஞ்சுடும். பக்கத்து ஊர்க்காரங்க வந்து நின்னு, "என்னப்பா, போன வருஷம் கிளம்புன சாமி இன்னும் வீடு சேரலையா?"ன்னு கேலி பண்ணுவாங்க.

நாட்டாமை பொன்னுரங்கத்துக்கு அது பொறுக்கல. சரிகை வேட்டியைக் கட்டிக்கிட்டு ஊர்க்கூட்டம் போட்டாரு. தேர் அச்சுல விளக்கெண்ணெய் விட்டா சக்கரம் லேசா சுத்துதுல்ல? அங்க மட்டும் சொரசொரப்பி இல்லாம போனதுக்கே இவ்வளவு நல்லதுன்னா, ஊர்லயே இல்லாம போனா எவ்வளவு நல்லதுன்னு கேட்டாரு. எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாங்க.

சொரசொரப்பி எழுந்து நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "தேரை நகத்துறது யாரு?"

"எங்க கை. பொட்டப்புள்ளைக்குச் சபையில என்ன பேச்சு, கிளம்பு"ன்னாரு நாட்டாமை.

அவளுக்குக் கோபம் சுர்ர்ருனு ஏறுச்சு. ஆனா அழல. சரியான பதில் வர்ற வரைக்கும் ஊருக்குள்ள கால் வைக்கமாட்டேன்னு சொல்லிட்டு, மறுநாள் தேர் கிளம்புற நேரத்துல எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் உக்காந்துட்டா.

ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி சரி.

அப்போ நாட்டாமை தேர் முகப்புல மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டிருந்தாரு. மொதல்ல என்ன ஆச்சு? வேட்டி. தொபுக். எடுத்துச் சொருகினாரு, தொபுக். முடிச்சுப் போட்டாரு, முடிச்சு பாம்பு மாதிரி நெளிஞ்சு தானா அவுந்துச்சு. ஊரே பாக்குது. பக்கத்துல பானகம் கரைச்சு வச்ச பெரிய அண்டா. வேற வழி? குபுக்னு அதுக்குள்ள இறங்கிட்டாரு.

அப்புறம் முட்டுக்கட்டை. சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துறதுக்குப் பதிலா, நானும் வரேன்னு சொல்றாப்ல சறுக்கிக்கிட்டு முன்னால ஓடுச்சு.

அப்புறம் வடம். இழுன்னாங்க, கை வழுக்குச்சு. ஊன்றி நில்லுன்னாங்க, கால் வழுக்குச்சு. கீழே இழுப்பாத்தா "வாங்க வாங்க"ன்னு இழுத்தா பாரு, சொய்ய்ய்ங்!

தேரு, ஜனம், தேங்காய், நாட்டாமையோட அண்டா எல்லாம் ஒண்ணா இறங்குச்சு. தேர் கனம், தேங்காய் லேசு. ஆனா இழுப்பாத்தாவுக்கு ஏது ஓரவஞ்சனை? எல்லாத்துக்கும் ஒரே வேகம். பள்ளத்துல பாஞ்சு எதிர்மேட்டுல ஏறி, உச்சியில ஒரு நொடி நின்னு, திரும்பவும் சொய்ய்ய்ங். நேரா எல்லைக்கல்லு பக்கத்துல வந்து ஒரு நொடி நின்னுச்சு.

"ஏ புள்ள, இதை நிறுத்து"ன்னாரு நாட்டாமை.

"தேரை நகத்துறது யாரு?"

அவர் வாயைத் தொறக்குறதுக்குள்ள தேர் போயிடுச்சு. போச்சு, ஏறுச்சு, திரும்பி வந்துச்சு.

"சொன்னேனே, எங்க கை."

"அப்போ கையாலயே நிறுத்துங்க."

சொய்ய்ய்ங். தவில்காரர் கையில குச்சி நிக்கல. நாதஸ்வரம் மட்டும் பீ... பீன்னு தனியா அழுதுக்கிட்டுப் போச்சு. இது இப்படியே ராவும் பகலும் ஆடிக்கிட்டேதான் இருக்கும், எனக்கு இழுக்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாதுன்னு அக்கா அடியிலிருந்து முணுமுணுத்தா. சொரசொரப்பிக்கு மனசு இளகுச்சு. உள்ளங்கால் குறுகுறுன்னுச்சு. ஆனா அவ ஊரு, அவ வீடு, அவ தப்பு பண்ணலைன்னு யாராவது சொல்லவேண்டாமா? பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

அண்டாவுக்குள்ள நாட்டாமை யோசிச்சாரு. கை இழுக்கணும்னா கால் ஊன்றணும். கால் தரையைப் பின்னால தள்ளினாத்தானே தரை ஆளை முன்னால தள்ளும்? வழுக்குற தரை எப்படித் தள்ளும்?

மூணாவது தடவை வந்தாரு. மீசையெல்லாம் பானகம்.

"கை இழுக்கும் தாயி. ஆனா கால் ஊன்ற எடம் நீதான். தப்பு எங்க மேல. உள்ள வா."

சொரசொரப்பி ஒரே தாவு. கிறீஈஈச்! சக்கரம் நின்னுச்சு, ஜனம் நின்னுச்சு, சறுக்கின தேங்காய்கூட நின்னுச்சு. அன்னிக்கு மொத மாலை முட்டுக்கட்டைக்குத்தான் விழுந்துச்சு.

அப்புறம் தேர் எப்பவும்போல கிளம்புச்சு. கிர்ர்ர்... கிர்ர்ர்... பக்கத்து ஊர்க்காரங்க வழக்கம்போல ஓரமா நின்னு, "என்ன நாட்டாமை, இவ்வளவு மெதுவாவா போகுது?"ன்னு கேட்டாங்க. சக்கரத்தடியில சொரசொரப்பி காதைத் தீட்டிக்கிட்டா.

நாட்டாமை ஈர வேட்டியை இடுப்புல சொருகி, நிக்குதான்னு ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டுச் சொன்னாரு.

"மெதுவாவே போகட்டும்யா. வேட்டி நிக்குதுல்ல."

தேர் நிலைக்கு வந்தாச்சு, கதையும் நிலைக்கு வந்தாச்சு. இழுப்பாத்தா உன் இமையைப் பிடிச்சு இழுக்குறா பாரு, மூடிக்கோ. ம்...