சாம்பல் விழாத சுருட்டு

சாய்ந்து விழக்கூடத் தெம்பில்லாமல் மாடுகள் நின்றபடியே செத்த வருஷம் அது. குளத்து மடையை ஜமீன்தார் பூட்டி வைத்திருந்தார்.

ஒரு நாள் அவர் பக்கத்து ஜமீன்தாரிடம் மீசையைப் பந்தயம் கட்டினார்: தன் சுருட்டு கோணாமல் எரியும், கடைசிவரை சாம்பல் விழாது.

சுருட்டு சுற்றும் இருளாயி ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தாள். "மெதுவா இழுங்க சாமி. பேசினாலோ அசைஞ்சாலோ கோணலா எரிஞ்சு சாம்பல் கொட்டிரும்."

பாதி எரிந்தது. சாம்பல் விரல் நீளத்துக்கு அசையாமல் நின்றது.

இருளாயி கும்பிட்டாள். "மாடு கன்னு குடிக்க மடையைத் திறக்கட்டுமா சாமி? வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஜமீன்தாருக்குக் கண் சிவந்தது. வாய் திறக்கவில்லை.

"மறுக்கலையே! திறங்கடா!" என்று பக்கத்து ஜமீன்தார் மடைக் காவலாட்களைப் பார்த்துச் சிரித்தார்.

மீசை பிழைத்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தது. குடிக்கத்தான் பாதி மாடுகள் இல்லை.