காட்டியவர் பெயர்

வயதுக்கும் குருவுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்துநான்கு வயது, சீடருக்கு அறுபத்தாறு.

குரு இசக்கியம்மாள். பறவை பார்க்க வருகிறவர்களை மலைச்சோலைக்குள் கூட்டிப்போகிறவர். சீடர் ஆவுடையப்பன், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடமாகச் சித்திரை பிறந்ததும் மலையேறி வந்துவிடுவார்.

இசக்கியிடம் ஒரு குறிப்பேடு உண்டு. பறவையின் பெயர், கண்டவர் பெயர், காட்டியவர் பெயர் என்று ஒவ்வொரு வரியிலும் மூன்று இருக்கும். யாரும் காட்டாமல் எந்தப் பறவையும் கண்ணில் படாது என்பது அவர் கட்சி. ஆவுடையப்பன் அதில் எப்போதும் கண்டவர்தான்.

இந்த வருடம் வந்தபோது அவர் முகமே சரியில்லை.

"என்ன சார்?"

"கண்ணு போயிட்டிருக்கும்மா. அடுத்த சித்திரை வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். அந்த நீலக் குருவியை மட்டும் ஒரு தடவை காட்டிருங்க."

நீல முதுகு, வெள்ளை வயிறு, கைக்குள் அடங்குகிற உடம்பு. சோலைத் தரையில் தத்தித் திரியும். ஒன்பது வருடமாக அதன் பாட்டைக் கேட்டிருக்கிறார், ஆளைப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் காலையிலும் மேகம் இறங்கிச் சோலையை மூடிக்கொண்டது. குருவி புதருக்குள்ளிருந்து பாடியதே தவிர வெளியே தலை காட்டவில்லை.

மூன்றாம் நாள்தான் கடைசி. இசக்கி நாலு எட்டு முன்னால் போன சமயம் பார்த்து, மனுஷன் செல்போனை எடுத்தார். அதே குருவியின் பாட்டைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். அதை ஒலிக்கவிட்டார்.

புதருக்குள் பாட்டு சட்டென்று நின்றுவிட்டது.

இசக்கி திரும்பி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"வேற ஆம்பளைக் குருவி இடத்தைப் பிடிக்க வந்திருக்குன்னு நினைச்சிருச்சு, சார். இது குஞ்சு இருக்கிற நேரம். பயத்துல இரைகூடக் கொண்டுபோகாது."

"ஐயையோ!" ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "என் ஆசைக்கு அதைப் போய் ஏமாத்திட்டேனே! இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"உட்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அதுக்குப் பயம் போற வரைக்கும்."

ஒரு மண்திட்டின் ஓரமாக இருவரும் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் காலில் அட்டை ஏறியது, அவர் தட்டிவிடவில்லை. மூக்குக் கண்ணாடியில் ஈரம் படிந்து எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும்.

புதரடியில் இலை அசைந்தது. குருவி வெளியே வந்தது, வாயில் புழுவோடு. அவர் காலுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது.

அவருக்குத் தெரிந்தது கலங்கலாக ஒரு நீலம் மட்டும். கண்ணாடியை ஒரு தடவை துடைத்தால் ஒன்பது வருட ஆசை தீர்ந்துவிடும். கை பரபரத்தது. ஆனாலும் முழங்கால் மேலிருந்த கையை அவர் எடுக்கவில்லை.

அந்த நீலம் அவர் பூட்ஸ் மேல் ஏறி இறங்கி, மண்திட்டிலிருந்த பொந்துக்குள் போனது. அங்கே கூடு இருப்பது இசக்கிக்கே தெரியாது. உள்ளே குஞ்சுகள் கீச்சிட்டன.

குருவி மறுபடி புதருக்குள் போனதும் இருவரும் மெல்ல எழுந்து தள்ளி வந்தார்கள். பின்னால் பழையபடி பாட்டு கேட்டது. ஆவுடையப்பன் அந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பினார், கண்ணீர் நிற்கவில்லை.

"கண்ணாடியைத் துடைச்சிருக்கலாமே, சார்?"

"கையைத் தூக்கினா பறந்துரும்மா. ஒரு தடவை பயமுறுத்தினது போதாதா? பிள்ளைங்களுக்கு இரை போயிருச்சு, பாட்டும் திரும்ப வந்திருச்சு. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு."

இசக்கி குறிப்பேட்டைத் திறந்தார்.

"என்னைக் கண்டவர்னு போட்டுராதீங்கம்மா. பொய்யாயிரும். எனக்கு வெறும் நீலம்தான் தெரிஞ்சது."

"போடலை. கண்டவர் நான். பதினஞ்சு வருஷமா இந்தச் சோலையில நடக்கிறேன், அது குஞ்சுக்கு இரை கொண்டுபோறதை இன்னிக்குத்தான் பார்த்தேன்."

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப காட்டியவர்?"

"ஆவுடையப்பன்னு எழுதியிருக்கேன், சார்."