அக்கரையில அண்ணன், இக்கரையில தங்கச்சி

ஒரு ஊர்ல ஒரு அண்ணனும் ஒரு தங்கச்சியும் இருந்தாங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இல்ல, அதான் கதையே. ம் கொட்டு செல்லம். நீ ம் சொன்னாத்தான் கதை நடக்கும், இல்லன்னா நடு ரோட்டுல நின்னுரும்.

ம்.

அண்ணன் பேரு செலஸ்டின். கப்பல்ல வேலை. நம்ம தூத்துக்குடி துறைமுகத்துல நிக்குமே, அந்த மாதிரி பெரிய சரக்குக் கப்பல். தங்கச்சி பேரு பிலோமி. அவ எங்கயோ பனி கொட்டுற தேசத்துல நர்ஸ். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து வருஷக்கணக்காச்சு. போன்ல பாப்பாங்க. அது பாத்ததாகுமா? மூஞ்சி தெரியும், தலையில ஒரு கொட்டு வைக்க முடியுமா?

அப்போ ஒரு நாள் அண்ணன் போன்ல சொல்றான், "ஏட்டி, எங்க கப்பல் இஸ்தான்புல்லுக்கு வருது. ஒரே ஒரு பகல்தான் எறங்க விடுவாங்க. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிரணும். அப்புறம் கப்பல் உலகத்தோட அந்த மூலைக்குப் போயிரும். லீவு போட்டு வாறியா?"

"வாறேன். எங்க நிக்க?"

"போட் ஜெட்டியில நில்லு. மத்தியானம் வந்துருதேன்."

அவ்வளவுதான் பேச்சு. படகு வந்து நிக்கிற துறை, அந்த ஜெட்டி ஊருக்கு ஒண்ணுதான் இருக்கும்னு ரெண்டும் நினைச்சுக்கிச்சு. ஆனா அந்த ஊரு எப்பிடின்னா, நடுவுல கடல். இந்தப் பக்கம் பாதி ஊரு, அந்தப் பக்கம் பாதி ஊரு. இந்தப் பக்கம் ஒரு கண்டம், அந்தப் பக்கம் வேற கண்டம். கரை நெடுக ஜெட்டி, ஜெட்டி, ஜெட்டி.

அப்புறம் பிலோமி அந்த ஊருக்குக் காலையிலயே வந்துட்டா. வெளிய காலை வச்சா, வெயில் பொளந்து கட்டுது. தூத்துக்குடிக்காரிக்கே வெயில்னா பாத்துக்கோ. பனியில கெடந்து உடம்புக்கு மறந்துபோச்சு. செருப்பு தார் ரோட்டுல பச்சக், பச்சக்னு ஒட்டுது. இருந்தாலும் அவளுக்கு ஒரே குஷி. மத்தியானம் வரைக்கும் ஊரைச் சுத்துவோம்னு கெளம்பிட்டா.

எங்க பாத்தாலும் பள்ளிவாசல். கூரையெல்லாம் கவுத்து வச்ச அண்டா மாதிரி. அதுக்குக் கீழ டிங் டிங்னு டிராம் வண்டி போகுது. அப்புறம் பூனை. கடை நாற்காலியில பூனை, படிக்கட்டுல பூனை, ஒருத்தர் பைக் சீட்டுல கூட ஒரு மஞ்சப் பூனை காலை நீட்டிப் படுத்திருக்கு. அவரு பைக்கை எடுக்கணும், பூனை எந்திரிக்கட்டும்னு ஓரமா நிக்காரு.

எழுப்ப மாட்டாரா?

ம்ஹூம். அந்த ஊர்ல பூனை தூங்கினா எழுப்ப மனசு வராது. உன்னை எழுப்ப எனக்கு வராதுல்ல, அந்த மாதிரி.

அப்போ பிலோமிக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ஒரு அம்மாகிட்டப் போயி, கையைக் குவிச்சு வாய்ல வச்சுக் காட்டுறா. அந்தம்மா, "சு?"ங்குது. அவங்க பாஷையில தண்ணிக்கு 'சு'. ஒரே எழுத்து. நாக்கு ஒட்டிப்போனாலும் கேட்டுரலாம். அந்தம்மா சுவத்துல இருந்த கல்லுத் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுச்சு. சளசளசளன்னு தண்ணி. பிலோமி குடிச்சா, மூஞ்சி கழுவினா, கடைசில தலையையே உள்ள விட்டுட்டா. அந்தம்மா சிரிச்ச சிரிப்புல முக்காடே நழுவிருச்சு.

அப்புறம் ஒரு பெரிய சந்தை. மேல கூரை போட்ட சந்தை, உள்ள போனா ஜில்லுனு இருக்கு. கலர் கலரா விளக்கு, கம்பளம், மூட்டை மூட்டையா மொளகாத்தூள். அச்சூ, அச்சூன்னு தும்மிக்கிட்டே நடந்தா, ஒரு வாசல்ல நுழைஞ்சவ வேற வாசல்ல வெளிய வந்தா. அப்புறம் மேட்டுத் தெரு. ஏறுறா, ஏறுறா, மூச்சு புஸ் புஸ்ஸுங்குது. உச்சியில ஒரு வண்டிக்காரரு தர்பூசணிக் கீத்து குடுத்தாரு. அதைக் கடிச்சுக்கிட்டே கீழ பாத்தா, நீலமா கடல். கடல்ல வெள்ளை வெள்ளையாப் பயணிக் கப்பல் போகுது, வருது. படமா எடுத்துத் தள்ளினா. எடுக்க எடுக்க, வெயில்ல போன் தோசைக்கல்லு மாதிரி கொதிச்சு, டொய்ங்னு அணைஞ்சுபோச்சு. பட்டனை அமுக்குறா, அமுக்குறா, முழிக்கவே இல்ல.

சரி, ஜெட்டிக்குத்தானே போகணும்னு எறங்கி வந்தா. அங்க போயி நின்னா, ஒரு ஜெட்டிக்குப் பக்கத்துல இன்னொரு ஜெட்டி. ஒவ்வொண்ணா ஓடி ஓடிப் பாத்தா. அண்ணன் இல்ல. டிக்கெட் குடுக்குறவரு கையை நீட்டி அக்கரையைக் காட்டினாரு, அங்கயும் ஜெட்டி இருக்குன்னு. நிஜமாவே செலஸ்டின் அங்கதான் எறங்கியிருந்தான். தங்கச்சி போன் எடுக்கலைன்னு பதறிப்போயி, அவனும் இக்கரைக்குக் கப்பல் ஏறிட்டான்.

ம்...

பிலோமியும் ஏறிட்டா. பூ...ம்னு ஊதிக்கிட்டு அவ கப்பல் போகுது. எதிர்த்தாப்புல பூ...ம்னு இன்னொரு கப்பல் வருது. அதுல முன்னால, இடுப்புல கை வச்சு நெடுநெடுன்னு ஒருத்தன். "அண்ணே"ன்னு கத்துறா. அவனும் பாத்துட்டான். கையை ஆட்டுறான், என்னமோ கத்துறான். கடற்காக்கா எல்லாம் க்யா க்யான்னு கத்தினதுல ஒரு சொல்லு கேக்கல. அவ அங்கிட்டுப் போயிட்டா, அவன் இங்கிட்டு வந்துட்டான்.

அப்போ பிலோமி நினைக்கா, 'பாவம், அண்ணன் அங்க தனியா நிப்பான்'. எறங்கின வேகத்துல திரும்பி ஏறிட்டா. அவனும் அதையேதான் நினைச்சான். ரெண்டாவது தடவையும் நடுக்கடல்ல, பூ...ம், பூ...ம். ரெண்டு பேரும் தலையில கை வச்சுக்கிட்டாங்க. அவன் ரெண்டு கையையும் கீழ அமுக்கிக் காட்டினான், 'அங்கயே நில்லு'ன்னு. அவளும் அதே மாதிரி அமுக்கிக் காட்டினா, 'நீ நில்லு'ன்னு.

ரெண்டு பேருமே நின்னுட்டாங்களா?

நின்னுட்டாங்க. சொல்பேச்சு கேக்குற பிள்ளைங்க. அவன் அக்கரையில நிக்கான், அவ இக்கரையில நிக்கா. ஒரு கப்பல் வந்துச்சு, அண்ணன் இல்ல. அடுத்த கப்பல் வந்துச்சு, அதுலயும் இல்ல. வெயில் சாயத் தொடங்கிருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல அண்ணன் போயிருவான். அவ்வளவு தூரம் வந்து, கண்ணால பாத்தும், கையால தொட முடியல. பிலோமி ஒரு பெஞ்சுல உக்காந்து அழுதுட்டா.

அப்போ ஒரு கப்பல்ல இருந்து டீக்காரரு ஒருத்தரு எறங்கி வந்தாரு. பேரு இல்யாஸ். தட்டு நெறைய குட்டிக் குட்டிக் கண்ணாடி கிளாஸ், கிணிங் கிணிங்னு சத்தம். அங்கயும் டீக்கு 'சாய்'தான். அவரு கப்பல்லதான் இவ ரெண்டு தடவையும் போனது. இவ கத்தினது, எதிர்க் கப்பல்ல நின்னவன் கையாட்டினது, எல்லாம் பாத்திருக்காரு. கடலைக் காட்டி, "ஆபி?"ன்னு கேட்டாரு. ஆபின்னா அங்க அண்ணன். அவளுக்கு எப்பிடியோ புரிஞ்சுபோச்சு. "ஆபி, ஆபி"ன்னு தலையாட்டினா. எந்திரிச்சு நின்னு, இம்புட்டு உயரம்னு காட்டினா, மீசையை முறுக்கிக் காட்டினா, இடுப்புல கை வச்சுக் காட்டினா.

இல்யாஸ் தன் நெஞ்சைத் தொட்டாரு, கப்பலைக் காட்டினாரு, அக்கரையைக் காட்டினாரு. அவ கையில ஒரு கிளாஸ் சாயைக் குடுத்து, பெஞ்சைத் தட்டி, உக்காருன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அவளால உக்கார முடியுதா? கால் பரபரங்குது. வேற ஒரு கப்பல் பூ...ம்னு கூப்பிடுது. ஓடிப்போய் ஏறிருவோமான்னு எந்திரிச்சா. எந்திரிச்சவ, மறுபடி உக்காந்துட்டா. 'முன்ன பின்ன தெரியாத மனுஷன் எனக்காகப் போயிருக்காரு. நான் இங்கதான் இருக்கணும்'னு பெஞ்சை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. சாய் ஆறிப்போச்சு.

வந்தானா?

வந்தான். கப்பல் கரைக்கு வரும்போதே தெரியுது. முன்னால இல்யாஸ், ஒரு கையில டீத்தட்டு, ஒரு கையில செலஸ்டின் சட்டை. ஆட்டுக்குட்டியை இழுத்துட்டு வாற மாதிரி இழுத்துட்டு வாறாரு. பலகை போடுறதுக்குள்ள செலஸ்டின் தொம்முன்னு குதிச்சுட்டான். வந்ததும் மொத வேலையா அவ தலையில நறுக்குன்னு ஒரு கொட்டு.

"எம்புட்டு நேரம் காத்துக்கிட்டு நின்னேன், வர மாட்டியா?"

"நில்லுன்னுதானே காட்டுன. நின்னேன்."

"நீயும்தான் நில்லுன்னு காட்டுன. நானும் நின்னேன்."

அப்புறம் ரெண்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதுச்சா சிரிச்சுச்சான்னு யாருக்கும் தெரியல. இல்யாஸ் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, ஆறின சாயைக் கொட்டிட்டு சூடா ரெண்டு ஊத்திக் குடுத்தாரு.

ஆனா செலஸ்டினைச் சரக்குக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போற படகு அக்கரையிலதானே நிக்குது? திரும்பப் போகணுமே. அதனால மறுபடி கப்பல் ஏறினாங்க, இந்தத் தடவை ரெண்டு பேரும் ஒண்ணா. எள்ளு போட்ட வளையல் ரொட்டியைப் பிச்சுப் பிச்சு கடற்காக்காவுக்குப் போட்டாங்க. லபக், லபக்னு காத்துலயே பிடிச்சுச்சு. வெயில் எறங்கி, கடல் காத்து சிலுசிலுன்னு அடிச்சுச்சு. அம்மா கதை, வேலைக் கதை, கப்பல்ல சமையல்காரன் சாம்பார்ல சீனி போட்ட கதை, எல்லாம் பேசித் தீத்தாங்க.

அக்கரையில படகுக்காரங்க காத்துக்கிட்டு நின்னாங்க. "யாருப்பா இது?"ன்னு கேட்டாங்க.

செலஸ்டின் சொன்னான், "என் தங்கச்சி. இவளைப் பிடிக்க இன்னைக்கு ரெண்டு கண்டம் சுத்தியிருக்கேன்."

படகே குலுங்குற மாதிரி சிரிச்சாங்க. சிரிச்ச சத்தத்தோடயே படகு போயிருச்சு. பிலோமி கரையில நின்னு, அது புள்ளியாகுற வரைக்கும் ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டே இருந்தா.

ம்...

என்ன, உன் ம்மு சின்னதாயிருச்சே. சரி, படகு போயி கப்பல்ல சேந்தாச்சு, கதையும் கரை ஏறியாச்சு. நீயும் கண்ணை மூடித் தூங்கு செல்லம்.