ஆலிவ் மரம் உடம்பை முறுக்கிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் ஆலிவ் மரங்கள் பாக்கு மரம் போல நேராக வளர்ந்தன. வாய்விட்டுப் பேசவும் செய்தன.

இத்தாலியின் தெற்கே, ஒரு குன்றின் மேல் ஒஸ்தூனி என்ற ஊர். வீடுகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குன்று தலையில் வெள்ளைத் துணி கட்டியது போலிருக்கும். அடிவாரத்திலிருந்து கடல் வரைக்கும் செம்மண், ஆலிவ் தோப்புகள்.

அந்த ஊரில் தொனாத்தா என்றொரு பெண் இருந்தாள். கல்யாணமான வருஷமே அவள் கணவன் வீத்தோ எண்ணெய்ச் சாடிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு விற்கப் போனான். "காய் பறிப்பதற்குள் வந்துவிடுவேன்" என்றான். காய் பறித்தார்கள், அவன் வரவில்லை. மறுவருஷமும் வரவில்லை.

தினமும் சாயங்காலம் அவள் தோப்பிலேயே உயரமான மரத்தடிக்கு வருவாள். அந்த மரத்துக்கு மட்டும்தான் கடல் தெரியும்.

"படகுப் பாய் ஏதாவது தெரிகிறதா?"

"இல்லையம்மா."

"நன்றாகப் பார்த்தாயா?"

"பார்த்தேன். பறவைகள்தான்."

"சரி, நாளைக்கும் பார்" என்று மேடேறிப் போவாள். அவள் போன பிறகும் மரம் பார்த்துக்கொண்டே இருக்கும். வீத்தோ தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் அது.

ஒரு நாள் காலையில் புயல். அலைகளுக்கு நடுவே மரம் வீத்தோவின் படகைக் கண்டது. கரைக்குக் கிட்டே வந்து படகு கவிழ்ந்தது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு அவன் மிதந்தான்.

"தொனாத்தா! வந்துவிட்டான்! ஓடி வா!"

ஊர்ப்பக்கம் திரும்பி மரம் கத்தியது. காற்று குரலை அள்ளிக்கொண்டு போனது. அவனைக் கண்ணிலிருந்து விட்டுவிடக் கூடாதென்று கடல்பக்கம் திரும்பியது. மறுபடி ஊர்ப்பக்கம், மறுபடி கடல்பக்கம். வேரை மண் விடவில்லை, உடம்புதான் திருகியது. பட்டை கிழிந்து அடிமரம் பிளந்தது. அப்போதும் கத்தியது.

கடைசியில் அவள் காதில் விழுந்தது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள்.

"எங்கே? எந்தப் பக்கம்? சொல்!"

மரத்துக்குக் குரல் போய்விட்டிருந்தது. கிளையை மட்டும் அசைத்துக் காட்டியது. அந்தப் புயலில் எல்லா மரங்களும் கிளையை அசைத்துக்கொண்டிருந்தன.

வடக்கே தேடினார்கள், தெற்கே தேடினார்கள். பலகை மட்டும் கரையொதுங்கியது.

தொனாத்தா மரத்தைத் திட்டவில்லை. பிளந்த அடிமரத்துக்குள் போய் உட்கார்ந்து அதைத் தடவிக்கொடுத்தாள்.

"நீயாவது அவனைப் பார்த்தாயே" என்றாள். "எப்படி இருந்தான்? இளைத்துப் போயிருந்தானா?"

மரம் சொல்லத்தான் பார்த்தது.

அன்று முதல்தான் அந்த மரத்தின் கன்றுகளும், கன்றுகளின் கன்றுகளும் ஊருக்கும் கடலுக்குமாக உடம்பைத் திருகிக்கொண்டு, வாய் திறந்தபடி, பேசாமல் நிற்கின்றன.