பன்னிரண்டாம் நாற்காலி

உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கு வேறு அடையாளம் வேண்டாம், காலைப் பார்த்தால் போதும். இஞ்ஞாசியாரின் பாதங்கள் வெடித்துப் புண்பட்டு, உப்பேறி வெளுத்திருந்தன. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரப் பாத்திகளில் விடியுமுன்னே இறங்கி உப்பு வாருவார். எழுத்தறியாதவர். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் உபதேசியார் வாசிக்கும் வேதபகுதியைக் காதில் வாங்கிக்கொண்டு போய் வாரம் முழுக்க அசைபோடுவார். தவக்காலம் பிறந்தால் மற்றவர்கள் முகம் வாடும். இவருக்கோ கல்யாண வீட்டுக்காரரின் பரபரப்பு வந்துவிடும்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக, குருவானவர் பாதம் கழுவும் பன்னிருவரில் தாமும் ஒருவராக உட்கார வேண்டும். "சாமி கைவைக்கிற காலு பாக்குற மாதிரி இருக்க வேண்டாமாவே?" என்று ஊரார் சிரித்தே தள்ளிவிடுவார்கள். அவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்குக் கழுவக் கொடுக்க வருகிறவர்கள்.

வரிசையில் கடைசி நாற்காலி, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் உட்கார்ந்தவருக்கு ஆண்டு முழுக்க அந்தப் பெயர்தான். ஆகவே அந்த இடம் யாருக்கு விழுந்தாலும் அவருக்கு வியாழனன்று தவறாமல் காய்ச்சல் கண்டுவிடும். போன வருஷம் பதினொருவருக்குத்தான் கழுவினார் குருவானவர்.

இந்தத் தவக்காலத்து வெள்ளி ஒன்றில் ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவிய பகுதி வந்தது. கேட்டுக்கொண்டிருந்த இஞ்ஞாசியார் எழுந்தே விட்டார்.

"உபதேசியாரே, அப்போ யூதாசு காலையும் ஆண்டவரு கழுவுனாரா?"

"கழுவுனாருன்னுதான் வருது. அவன் எந்திரிச்சு வெளிய போனது அதுக்குப் பொறவுதான்."

அதன்பின் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் அந்தக் காலைக் கையில் ஏந்தினாரே, இனி அவர் தொடாத கால் உலகத்தில் ஏது? பாத்தியில் நின்றபடியே சிரித்தார், கண்ணீர் விட்டார். நேரே போய்க் கடைசி நாற்காலியைத் தமக்குத் தரும்படி குருவானவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மனைவி கித்தேரியம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். மகளுக்கு உப்பள மேஸ்திரி தொம்மையின் வீட்டில் சம்பந்தம் பேசியிருந்த சமயம் அது.

"யூதாசு வீட்டுல யாரு பொண்ணெடுப்பா?"

கித்தேரியம்மாள் பயந்தபடியே தொம்மை பேச்சை நிறுத்திவிட்டார். பாத்தியில் எல்லார் முன்னும் "யூதாசே" என்றே கூப்பிடவும் தொடங்கினார். இஞ்ஞாசியாருக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும், "யூதாசு காலும் ஆண்டவரு கழுவுன காலுதானே கித்தேரி, நமக்குக் கொறச்சல் வராது" என்றார்.

பெரிய வியாழன் மாலை ஆவல் தாளாமல் உப்புக் காலோடு உப்பளத்திலிருந்து நேரே கோயிலுக்கு ஓடினார். பக்கத்து நாற்காலியில் தொம்மை மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். குருவானவர் ஒவ்வொருவராகக் கழுவி வந்து கடைசியில் குனிந்தார். தண்ணீர் பட்டதும் பல வருஷத்து எரிச்சல் சட்டென்று அடங்கியது. கீழே பார்த்த இஞ்ஞாசியார் பதறிப்போனார். தம் பாதத்தை ஏந்திய உள்ளங்கையில் ஆணி துளைத்தாற்போல் ஆழமான காயம்.

"கைய எடுங்க சாமி. எங்காலு உப்பு, ஒங்க புண்ணுல பட்டா எரியுமே."

குருவானவர் விளங்காமல் நிமிர்ந்து இரு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு கீறலும் இல்லை. ஆனால் துடைத்த வெள்ளைத் துண்டில் ஒரு துளி இரத்தம் இருந்தது. இஞ்ஞாசியாரின் காலிலிருந்து வந்ததோ என்று தொம்மை குனிந்து பார்த்தார். அந்தப் பாதங்களில் வெடிப்பும் இல்லை, புண்ணும் இல்லை. தொம்மை நாற்காலியை விட்டு இறங்கி அப்படியே முழங்காலிட்டார்.

உயிர்ப்புப் பெருவிழாக் காலையில் கோயில் மணிகள் முழங்கிக்கொண்டிருக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தொம்மை வந்தார். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரோ என்று ஊரே காது கொடுத்தது.

"சம்பந்தி," என்றார், "அடுத்த வருசம் அந்தக் கடைசி நாக்காலிய எனக்கு விட்டுத் தாங்க."

தமக்காக அழாமல், ஆண்டவர் காயத்தில் தம் உப்புப் பட்டுவிடுமே என்று பதறிய இஞ்ஞாசியாரின் பாதம் நம் வாசலிலும் படட்டும்.