நஸ்ரினின் புரதம்

காயல்பட்டினத்து எலும்பு மருத்துவர் சதக்கத்துல்லா தன் கிளினிக்கை மூடிவிட்டு, மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்திருந்தார். ஆசிரியர் நப்பின்னை அவரைவிட வயதில் மிக இளையவர். அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'மேடம்' என்பார்.

சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய ஒரே மகள் நஸ்ரின். பிறவியிலேயே அவளுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். செல்லின் ஓரத்தில் உப்பை வெளியே விடும் வாசலாக நிற்கவேண்டிய ஒரு புரதம் அவள் உடம்பில் சரியாக மடிவதில்லை. அதனால் நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகிவிடும்.

அன்று காலை சதக்கத்துல்லா ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நஸ்ரினை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு மேடம். ஆக்சிஜன் வெச்சும் மூச்சு வாங்குது. இதைப் போடப்போறேன்."

நப்பின்னை குப்பியைப் பார்த்தார். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஊசிமருந்து.

"இது எதுக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க, அவளோட புரதம் கொஞ்சமாவது வேலை செய்யும்னு. ஓரத்துக்குப் போறதுக்கு முன்னாலயே செல் அதை உடைச்சுப் போட்டுடுதுன்னு. செல்லுக்குள்ள புரதத்தை உடைக்கிறதுக்குன்னே பீப்பாய் மாதிரி ஒண்ணு இருக்கே, அதை இந்த மருந்து அடைச்சிடும். உடையலைன்னா பிழைச்சிடும் இல்லையா?"

"தப்பா மடிஞ்சதுன்னு செல்லுக்கு எப்படித் தெரியுது சார்?"

"இப்ப பாடமா மேடம்?"

"சொல்லுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தண்ணிக்கு ஒவ்வாத பசைப் பகுதியெல்லாம் உள்ளே மறைஞ்சிருக்கணும். வெளியே தெரிஞ்சா, மடிப்பு தப்பு."

"உடனே உடைச்சிடுமா?"

"இல்ல. துணைப் புரதங்கள் தாங்கிப் பிடிக்கும். திரும்ப மடியவிடும். அப்பவும் முடியலைன்னா அடையாளம் ஒட்டி, பீப்பாய்க்கு அனுப்பிடும்."

"உடைஞ்ச துண்டு?"

"புதுசா இன்னொரு புரதம் கட்ட உதவும். மேடம், எனக்கு நேரமில்ல!"

நப்பின்னை எழுந்துபோய் ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்தார். அதில் இருந்த செல்கள் நஸ்ரினுக்கு இருந்த அதே குறையுள்ள புரதத்தைச் செய்பவை. பார்ப்பதற்காக அந்தப் புரதத்தைப் பச்சையாக ஒளிரும்படி ஆக்கியிருந்தார்கள்.

"முதல்ல இதுக்குக் கொடுங்க. நாளைக் காலையில பார்ப்போம்."

"காலை வரைக்கும் அவ..."

"நாளைக் காலையில."

சதக்கத்துல்லா தட்டில் மருந்தைக் கலந்தார்.

மதியம் நுண்ணோக்கியில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காலையில் மங்கலாக இருந்த பச்சை இப்போது பளிச்சென்று இருந்தது.

"உடையலை! மேடம், பாருங்க, உடையவே இல்ல!"

நப்பின்னை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே மனைவி ருகையா எதிர்ப்பட்டாள்.

"மருந்து எங்கே?"

"பையில இருக்கு."

"பையில வெச்சிக்கிட்டு என்ன செய்றீங்க? போடுங்க!"

"காலையில. மேடம் பொறுக்கச் சொல்லியிருக்காங்க."

"அந்தம்மாவுக்கா மூச்சு முட்டுது? எம்பிள்ளைக்குல்ல முட்டுது!"

அவர் அவளைக் கடந்து வார்டுக்குப் போனார். உள்ளே நஸ்ரின் முகமூடியை விலக்கி, "வாப்பா" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அவர் கட்டிலருகே உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மற்றொரு கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போனது. ஒருமுறை குப்பியின் மூடியைத் திறந்தேவிட்டார். பச்சை ஒளி கண்முன் வந்தது. ஒன்றும் சொல்லாத நப்பின்னையின் முகமும் வந்தது. மறுபடி மூடினார்.

விடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார்.

பச்சை இருந்தது. ஆனால் செல்லின் ஓரத்தில் இல்லை. ஒரு புரதம்கூட வாசலில் போய் நிற்கவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, உட்கருவை ஒட்டினாற்போல் கட்டியாகக் கிடந்தது. பாதிச் செல்கள் பிடி விட்டு உருண்டையாக மிதந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று தட்டைவிட்டுக் கிளம்பியது.

"செத்துட்டு இருக்கு" என்றார்.

"ஆமா."

"இதைத்தான் நேத்து ராத்திரி அவளுக்கு..."

முடிக்க முடியாமல், குப்பியைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தார்.

"அப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே மேடம்?"

"கேட்டிருப்பீங்களா?"

அவர் தலையை அசைத்தார். கேட்டிருக்கமாட்டார்.

அன்று மதியம் ருகையா கூப்பிட்டாள். டாக்டர்கள் மாற்றிக் கொடுத்த ஆன்டிபயாடிக் வேலை செய்திருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. நஸ்ரின் அரைத் தம்ளர் கஞ்சி குடித்தாளாம். அதைச் சொல்லும்போது ருகையா அழுதாள். சதக்கத்துல்லாவும் அழுதார். இந்தத் தடவை தப்பித்தாகிவிட்டது. அடுத்த தடவை வரும் என்பது இருவருக்கும் தெரியும்.

சில நாள் கழித்து, மகளை வீட்டில் விட்டுவிட்டு அவர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார். நப்பின்னை வேலையில் இருந்தார். சதக்கத்துல்லா வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணு கேட்கணும் மேடம். வேலை செய்யக்கூடிய புரதத்தையும் சேர்த்து உடைக்குதே, செல்லுக்கு இரக்கமே கிடையாதா?"

"எதையும் எடுத்தவுடனே உடைக்கிறதில்லையே சார். தாங்கிப் பிடிக்குது. திரும்ப மடிய இடம் கொடுக்குது. மறுபடியும் கொடுக்குது."

"எம்மகளோட புரதத்துக்கு அது போதலையே!"

"போதலை" என்றார் நப்பின்னை.

பிறகு தன் பக்கத்தில் இருந்த நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டார்.

"அதைத் தாங்கிப் பிடிக்க அங்கேதான் ஒரு கை குறையுது. அந்தக் கையைத்தான் இங்கே தேடுறோம். உட்காருங்க சார்."