நிரோஜன் மூடிய வாளி

சுகிர்தாவிடம் பியர் வடிக்கப் பழகியவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். அவள் ஒருவருக்கும் பாடம் எடுத்தது கிடையாது. கேள்வி கேட்டால் எதையாவது செய்து காட்டுவாள். விளங்கினால் விளங்கியது. விளங்காவிட்டால் அடுத்த ஞாயிறு வரலாம். மற்ற நாட்களில் ரொறன்ரோவில் வீடு வீடாகப் போய் ஹீட்டரும் பிரிட்ஜும் திருத்துகிறவள்.

மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் அவளுடைய கராஜ் கதவை யாரோ காலால் தட்டினார்கள். திறந்தாள். மாம்பழப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பரமலிங்கம் நின்றார்.

இருபத்திரண்டு வருடம் மரக்கறிக் கடை நடத்திய மனிதர். அவர் விலை பேசத் தொடங்கினால் மொத்த வியாபாரி தண்ணீர் கேட்பான். கோபம் வந்தால் வாடிக்கையாளர் என்றும் பார்க்கமாட்டார்.

“நீதானே என்ர பிள்ளைக்கு இந்தக் குடிகாரத் தொழிலைப் பழக்கினது?”

“ஓம் அண்ணை.”

இல்லையென்பாள், ஒரு சண்டை பிடிக்கலாம் என்றுதான் அவர் வந்திருந்தார். பெட்டியை மேசையில் வைத்தார்.

“அப்ப எனக்கும் பழக்கு.”

பெட்டிக்குள் ஒரு சின்னப் பச்சைச் சர்க்கிட் போர்ட், அதன் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் சில்லு, எழுத்துக் காட்டும் குட்டித் திரை ஒன்று, நுனியில் சென்சர் வைத்த இரண்டு நீள வயர்கள். பாதியில் நின்ற வேலை.

அவருடைய மகன் நிரோஜன் செத்து முப்பத்தெட்டு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஒரு கிழமை. செத்தவீட்டில் சுகிர்தா பின்வரிசையில் நின்றுவிட்டு யாரோடும் பேசாமல் வந்திருந்தாள்.

நடந்தது இதுதான். நிரோஜன் குசினியில் பியருக்குக் காய்ச்சி, ஆறவைத்து, வாளியில் ஊற்றி, நொதிக்க ஈஸ்ட் போட்டு மூடினான். தகப்பன் கண்டார். “என்ர வீட்டை வடிசாலை ஆக்கிறியோ?” என்று கத்தினார். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிர்ந்துகிடந்த கராஜில் வைத்தான். அதை ஒரு விளக்கின் சூட்டில் வைத்திருக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தான். விளக்கை ஏற்றி அணைக்கிற ரிலே மட்டும் குறைந்தது. அதை வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனான். வீதியில் கண்ணாடி மாதிரிப் பனி. அவன் திரும்பி வரவில்லை.

வாளி அங்கேயே இருந்தது. மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, மேலே அவன் கையெழுத்தில் தேதி.

“பழுதாப் போயிருக்குமோ?” என்று பரமலிங்கம் கேட்டார்.

“உங்கட கராஜ் எவ்வளவு குளிர்?”

“தண்ணிப் போத்தல் உறையேல்லை.”

“அப்ப ஈஸ்ட் நித்திரை.”

“எழுப்பலாமோ?”

“சூடாக்கினால் எழும்பும். கூடினால் கெட்டுப்போகும். குறைஞ்சால் திரும்பப் படுத்திடும். பதினெட்டு டிகிரியிலை பிடிச்சு வைக்கோணும்.”

பரமலிங்கம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கடைக்காரக் குரல் வந்தது.

“மூண்டு கதை. நீ ஒண்டையும் தொடாதை, எல்லாம் நான்தான் செய்வன். அவன் மூடின மூடியை ஒருத்தரும் திறக்கக் கூடாது. பிறகு, என்ர வாயைப் பற்றி முறைப்பாடு சொல்லக் கூடாது. சரியெண்டால் சொல்லு. இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்கிறன்.”

“வேற ஆள் ஆர்?”

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப கோட்டைக் கழட்டுங்கோ.”

குறைந்த ரிலேயைச் சுகிர்தா தன் சாமான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வேலை நாலு நாள் பிடித்தது. தடித்த விரல்கள். முதல் நாளே வயர் ஒட்ட ஈயம் உருக்கும்போது பெருவிரலைச் சுட்டுக்கொண்டார். சுட்ட ஈயத்தை, வேலைக்குப் பிந்தி வருகிற பெடியனை ஏசுவதுபோல ஏசினார்.

“ஈயம் பற்றவைக்கிறது தேங்காய் உடைக்கிற வேலை இல்லை அண்ணை.”

“உனக்கு வாய் கூட.”

“உங்கட கடைக்கு வந்து பழகினது.”

மூன்றாம் நாள் சில்லைக் காட்டிக் கேட்டார். “நகத்தளவு இருக்கு. இதுக்குள்ள என்ன கிடக்கு?”

“ஒண்டும் இல்லை. நீங்கள் எழுதுறது மட்டுந்தான்.”

ஒற்றை விரலால் லப்டொப்பில் தட்டி எழுதினார். பதினேழரைக்குக் கீழே போனால் விளக்கைப் போடு. பதினெட்டரைக்கு மேலே போனால் அணை. எழுதி முடித்துவிட்டுத் திரும்பவும் வாசித்தவருக்குக் கோபம் ஏறியது.

“ஏன் அங்காலை அரை, இஞ்சாலை அரை விட்டுக்குடுக்கச் சொல்லுறாய்? பதினெட்டெண்டால் பதினெட்டு. நான் ஒரு கிராம் விட்டுக்குடுத்த ஆள் இல்லை.”

சுகிர்தா இரண்டு எண்ணையும் அழித்து, இரண்டு இடத்திலும் பதினெட்டு என்றே எழுதினாள். சென்சரைக் கையால் சூடாக்கி விட்டாள். பதினெட்டு வந்ததும் ரிலே டிக் என்றது. உடனே இன்னொரு டிக். பிறகு டிக் டிக் டிக் என்று நிற்கவேயில்லை. விளக்கு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் துடித்தது.

“என்ன இது, வலிப்பு வந்த மாதிரி?”

“பதினெட்டெண்டால் பதினெட்டு.”

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

“கனநேரம் தாங்காது.”

அவர் ஒரு நிமிடம் அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தானே இருந்து பதினேழரையையும் பதினெட்டரையையும் திரும்ப எழுதினார்.

அவருடைய கராஜில் வேலை செய்யாத பழைய பிரிட்ஜ் ஒன்று நின்றது. அதை அலமாரியாக்கி வாளியை உள்ளே வைத்தார்கள். பக்கத்தில் தகர டப்பாவுக்குள் ஒரு விளக்கு. ஒரு சென்சரை வாளியின் வயிற்றோடு ஒட்டி மேலே ஸ்பொன்ஞ் வைத்துக் கட்டினார். மற்றது பிரிட்ஜுக்குள்ளேயே, வாளிக்கு வெளியே, வெறுங்காற்றில் தொங்கியது. திரையில் இரண்டு வரி: உள்ளே, வெளியே.

“விளக்கு எதைப் பாத்து எரியும்?”

“வெளியை.”

“எனக்கு உள்ளேயெல்லோ முக்கியம்?”

“உள்ளுக்குப் போய் நாங்கள் ஒண்டும் செய்யேலாது அண்ணை. சுத்தியிருக்கிற காத்தை மட்டும் பிடிக்கலாம்.”

முதல் நாள் உள்ளே ஐந்து, வெளியே பதினெட்டு. அடுத்த நாள் உள்ளே பதினொன்று. பிறகு பதினாறு. ஐந்தாம் நாள் காலை பதினெட்டு காட்டியது. மூடியில் ஒரு வளைகுழாய் செருகியிருந்தது, உள்ளே உண்டாகும் வாயு தண்ணீர் வழியாக வெளியே போக. அதற்குள் ஒரு குமிழி ‘குளுக்’ என்றது.

பரமலிங்கம் அசையவில்லை. இன்னொன்று வந்தது. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார், மூடினார். அவள் கராஜுக்குள் வருவதில்லை. கார் நின்ற இடத்தில் கார் இல்லை.

பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கோட்டும் தொப்பியுமாக அங்கேயே இருந்தார். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டார். குமிழிகளை எண்ணத் தொடங்கி, எண்ண முடியாத வேகத்தில் வந்ததும் விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சுகிர்தாவின் தொலைபேசி அடித்தது. அவள் யாரோ ஒருவருடைய நிலவறையில், கழற்றிய ஹீட்டருக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள்.

“உள்ளே இருபத்திரண்டு காட்டுது! வெளியே பதினெட்டு! உன்ர பெட்டி பிழை!”

“பெட்டி சரி. விடுங்கோ.”

“விடுறதோ? நாலு டிகிரி பிள்ளை! ஒரு டிகிரியாவது குறைக்க வழி சொல்லு.”

“விடுங்கோ அண்ணை.”

அவள் வைத்துவிட்டாள். வழக்கம்போலக் காரணம் சொல்லவில்லை.

பரமலிங்கத்துக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். போஞ்சிக்காய்ப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கும்போது நடுவில் சூடு தட்டினால், பெட்டி அழுகத் தொடங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சூடு ஒரு தரமும் அவரை ஏமாற்றியதில்லை. லப்டொப்பைத் திறந்தார். இரண்டு எண்ணிலும் ஆறு குறைத்துப் பன்னிரண்டுக்கு வைத்தார். அதுவும் போதாமல் பிரிட்ஜ் கதவையும் கராஜ் கதவையும் ஒரு சாண் திறந்துவிட்டார். பனிக்காற்று உள்ளே வந்தது.

வெள்ளிக்கிழமை அவர் திரும்ப அழைத்தபோது குரல் தெளிவாக இருந்தது.

“வந்து பார்.”

அவள் வந்தாள்.

“பார்! உள்ளே பன்னிரண்டு, வெளியே பன்னிரண்டு. நூல் பிடிச்ச மாதிரி. அந்தக் குளுக் குளுக்கும் அடங்கிட்டுது. டீச்சர் எண்டு உன்னைச் சொல்லுறாங்கள், நான் உன்னை முந்திட்டன்.”

சுகிர்தா வாளியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.

“எப்ப குறைச்சனீங்கள்?”

“செவ்வாய். அழுகப் பாத்தது. நான் விடேல்லை.”

“அழுகுது எண்டு எப்பிடி?”

“உள்ளுக்குச் சூடெண்டால் அழுகல்தானே. என்ர தொழிலை எனக்கே சொல்லித் தரப்போறியோ?”

“அது அழுகின சூடில்லை அண்ணை. ஈஸ்ட் சீனியைத் தின்னேக்கை வாற சூடு. உள்ளுக்கு உயிர் வேலை செய்துகொண்டிருந்தது.”

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

“விடுங்கோ எண்டு மட்டும் சொன்னன். ஏனெண்டு சொல்லேல்லை. என்ர பிழை.”



அவள் கராஜ் கதவை இறக்கினாள். பிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். அவரையே பதினெட்டு என்று திரும்ப எழுத வைத்தாள்.

“கொஞ்ச நாள் பாப்பம். வெளியை விட உள்ளே கூடினால், எழும்பிட்டுது எண்டு அர்த்தம்.”

அந்த நாட்களில் பரமலிங்கம் அழைக்கவில்லை. ஒன்றையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் அவள் வந்தபோது தாடி வளர்ந்திருந்தது. திரையில் உள்ளே பதினெட்டு. வெளியே பதினெட்டு. வளைகுழாயில் தண்ணீர் அசையாமல் நின்றது.

“இன்னும் ரெண்டு நாள் பாப்பமே?”

“பிரயோசனம் இல்லை.”

“இருபது வைச்சால்? இருபத்தொண்டு?”

“வேண்டாம் அண்ணை.”

“கொஞ்சம் சீனி போட்டால்? அந்தக் குழாயாலை. மூடி திறக்காமல்.”

“வேண்டாம்.”

தன் வாழ்நாளில் அவர் இவ்வளவு பணிந்து பேரம் பேசியதில்லை.

“செத்துப்போச்சோ?”

“ரெண்டிலை ஒண்டு. நீங்கள் குளிரை விட முதலே அது சீனி முழுக்கத் திண்டு தன்ர வேலையை முடிச்சிருக்கும். இல்லாட்டி, குளிர் பட்டு இடையிலை நிண்டிருக்கும்.”

“எது?”

“இப்பிடி வெளியிலை நிண்டு சொல்லேலாது.”

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி மிதவையை எடுத்தாள். பென்சில் நீளம், நடுவில் கோடுகளும் எண்களும்.

“உள்ளுக்கிருந்து ஒரு கோப்பை எடுத்து அதிலை இதை விட்டால் தெரியும். ஆழ அமிழ்ந்தால் சீனி முடிஞ்சுது, அது தானா முடிச்சிருக்கு. மேலை மிதந்தால், இடையிலை நிண்டது.”

“எடுக்கிறதெண்டால்?”

“திறக்கோணும்.”

பரமலிங்கம் மூடியைப் பார்த்தார். ரேப்பை அவன் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிவில் நுனியை மடித்துவிட்டிருந்தான், பிறகு உரிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று.

விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

“ரெண்டு சொல்லுத்தான் கத்தினன்,” என்றார். “பனி எப்பிடியும் கிடந்தது. ரிலே வாங்க எப்பிடியும் போயிருப்பான். ஆனால் அந்த நேரம் போயிருப்பானோ? பத்து நிமிசம் பிந்திப் போயிருந்தால்? நான் பேசாமல் இருந்திருந்தால், தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிருப்பான். என்னாலையோ, தானா நடந்ததோ?”

அவள் கையிலிருந்த மிதவையைப் பார்த்தார்.

“நீ எல்லாத்துக்கும் ஒரு கருவி வைச்சிருக்கிறாய். அதைப் பாக்க ஏதாவது இருக்கோ பிள்ளை?”

அவள் கண்ணாடி மிதவையை அவர் பக்கம் நீட்டினாள்.

“அதுக்கு இல்லை அண்ணை. இதுக்கு இருக்கு.”